விடுபட்ட ஒப்பாரி

குணவதிக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. தேநீரில் சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்ததைக் கரண்டியால் கலக்கி அடியில் ஏதாவது கரைகிறதா என்று பார்க்கிற ரகம். பழைய நூல்களைப் பதிப்பிக்க இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்று கல்லூரியில் புகழ்வார்கள். புகழ்ந்தவர்கள் மேலும் அவளுக்கு ஒரு சந்தேகக் கண் உண்டு.

இப்போது அவள் கையில் இருந்தது ஒரு கப்பல் சிந்து. சில தலைமுறைகளுக்கு முன் பினாங்கில் அச்சான பாட்டுப் புத்தகம், புயலில் மூழ்கிய கப்பலின் கதை. அதை இணையத்தில் ஆய்வுப் பதிப்பாகக் கொண்டுவருகிறாள். திரையின் ஒரு பக்கம் பழைய தாளின் படம், மறுபக்கம் தட்டச்சு செய்த பாட்டு. தட்டச்சுக்கு இரண்டு பேர். ஒருவருக்கு மற்றவர் யார் என்றே தெரியாது. இருவரும் தனித்தனியாக முழுப் புத்தகத்தையும் அடிக்க, கணினி ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைச் சிவப்பில் காட்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற முறை இது. போதாததற்குக் குணவதி சொந்தமாக ஒரு விதியும் போட்டிருந்தாள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் அடிக்க வேண்டும். கண் தூங்கினாலும் காது பிடித்துவிடுமாம்.

ஒருத்தி புஷ்பவள்ளி. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவள், குணவதிக்குப் பல வருடப் பழக்கம். மற்றவள் பாகான் டாலாமில் இருக்கும் நட்டாலி, புதியவள். வீட்டை விட்டு நகர முடியாது, வீட்டிலிருந்தே செய்கிற வேலையாக இருந்தால் நல்லது என்று கேட்டு வந்தாள். ஏன் நகர முடியாது என்று சொல்லவில்லை. பதிப்பின் முகப்பில் தன் பெயர் வருமா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த வேலையும் அந்தப் பெயரும் அவளுக்கு உயிர் என்பது குணவதிக்கே தெரிந்தது. அதுவே சந்தேகத்துக்கும் இடம் கொடுத்தது. ஒரு பெயருக்கு இத்தனை ஆசைப்படுகிறவள் அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வாள் அல்லவா?

வெளியீட்டுக்கு முந்திய வாரம், கடைசியாக ஒருமுறை படத்தையும் பாட்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்து வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். படத்தில், கப்பலோடு போனவனுக்காக அவன் மனைவி பாடும் ஒப்பாரி இரண்டு பக்கத்துக்கு இருந்தது. எதிரே ஒரு வரியும் இல்லை. இருவருமே அதை விட்டிருந்தார்கள். இருவரும் விட்டதால் கணினிக்கு வேறுபாடு தெரியவில்லை, சிவப்பும் வரவில்லை.

இரண்டு பிரதிகளில் ஒரே இடம் விடுபட்டிருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவள் குணவதி. பாடம் கைவசம் இருந்தது, குற்றவாளிதான் வேண்டும். போன மாதம் நட்டாலி கைப்பையோடு புஷ்பவள்ளியின் கடையிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தது ஞாபகம் வந்தது. நகர முடியாதவளாம்! புஷ்பவள்ளி அப்பாவி, கேட்டால் கொடுத்துவிடுவாள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று குணவதிக்கு ஒரு திருப்திகூட வந்தது.

நட்டாலியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"யாரோடதையும் பாத்து அடிக்கல டீச்சர். அந்த ரெண்டு பக்கத்த நானாத்தான் விட்டேன்."

"ஏன் விட்ட?"

பின்னால் யாரோ இருமுவது கேட்டது.

"அத வாயால சொல்ல முடியாது டீச்சர்."

வாயால் சொல்ல முடியாதது திருட்டைத் தவிர வேறென்ன? இனி வேலை கிடையாது, பெயரும் வராது என்று சொல்லிக் குணவதி தொடர்பைத் துண்டித்தாள். அன்றைக்கே முகப்பிலிருந்து அந்தப் பெயரை நீக்கினாள்.

மறுநாள், இப்படி ஏமாளியாக இருக்கலாமா என்று புஷ்பவள்ளிக்குப் புத்தி சொல்லக் கடைக்குப் போனாள். புஷ்பவள்ளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒப்பாரி என்று கேட்டதும் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மகளுக்கு ஏழாம் மாசம்லா. நல்லா இருக்கிற வீட்ல ஒப்பாரிய வாய்விட்டுப் படிப்பாங்களா? நீதான வாய்விட்டுப் படிச்சுத்தான் அடிக்கணும்னு சொன்ன. நான் விட்டா என்ன, இன்னொரு ஆளு அடிச்சிருக்கும்னு நெனச்சேன்."

குணவதி கைப்பேசியில் நட்டாலியின் படத்தைக் காட்டினாள்.

"இந்தப் பொண்ணா? தம்பிக்குன்னு ரெண்டு கைலி வாங்கிட்டுப் போச்சு. பிறை டவுன்ல லாரி மோதிடுச்சாம். படுத்த படுக்கையாம், பாவம்."

குணவதிக்கு முகம் எரிந்தது. கோயிலுக்குப் போகிற வீடானாலும் மாதா கோயிலுக்குப் போகிற வீடானாலும் சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரிந்ததுதான். தம்பி படுத்திருக்கும் அறையில் உட்கார்ந்து அடிக்கிறவள் அதை எப்படிப் படிப்பாள்? ஏன் படிக்கவில்லை என்று சொல்வதற்கும் அந்தச் சாவை வாயில் எடுக்க வேண்டும். அதைத்தான் அவள் செய்ய மாட்டேன் என்றிருக்கிறாள். தான் செய்த அநியாயத்தை நினைத்து, கடை வாசலிலேயே குணவதிக்கு அழுகை வந்துவிட்டது.

அழைத்தாள், நட்டாலி எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டும், பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டதாகவும், அந்த இரண்டு பக்கங்களைக் கல்லூரியில் வைத்துத் தானே அடித்துக்கொள்வதாகவும் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. கோபத்தில் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாளோ என்று அப்போதும் ஒரு சந்தேகம் தலையெடுத்தது. பிறவிக் குணம் ஒரே நாளில் போய்விடுமா?

அடுத்த வாரம் நட்டாலியிடமிருந்து மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. கூட ஒரு வார்த்தையும் இல்லை. திறந்தால் ஒப்பாரி, இரண்டு பக்கமும் முழுதாக இருந்தது. மன்னித்துவிட்டாள் என்று குணவதிக்கு மனம் லேசானது. படத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை, வாய்விட்டுப் படித்து அடித்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

கடைசி வரிக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நட்டாலி வீட்டில் அதை இனி வாய்விட்டுப் படிக்கலாம் என்று ஆகிவிட்டிருந்தது.