சும்மா அடித்த சங்கு

பொத்தானை அழுத்தச் சொன்னது நான்தான். பொலிஸிலும் அதைத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, "நீங்க அடிவாங்கின பக்கம்தானே மிஸ்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகும் அதையே சொன்னேன்.

என் பெயர் ஷம்ரா. பதுளை நகரில் வாப்பாவின் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு யூ.எக்ஸ். வடிவமைப்பு செய்கிறேன். ஒரு செயலியைக் கையில் எடுக்கிறவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே எரிச்சல்படுகிறார், எங்கே பயப்படுகிறார் என்று பார்த்து அதற்கேற்பத் திரையை அமைக்கிற வேலை. ஊவா மாகாணத்தில் இதைச் செய்கிறவர்கள், படிக்கிறவர்கள் என்று பதினாலு பேரைத் தேடிப்பிடித்து ஒரு குழு அமைத்திருந்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு டியூஷன் மண்டபத்தில் கூடுவோம்.

ஜனவரியில் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு எங்களுக்கு உதவ முன்வந்தது. உங்கள் குழுவுக்கு என்னென்ன தேவை என்று விசாரித்து ஓர் அறிக்கை எழுதுங்கள் என்றார்கள். பதினாலு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். நல்ல மடிக்கணினி, ஆங்கிலம், வேலைவாய்ப்பு என்று பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மிப்ரான் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இருபத்துமூன்று வயது. எங்களில் மிகக் கெட்டிக்காரன். அக்கா முறையில் என்னை ராத்தா என்பான்.

"எங்களுக்கு நெஜ ஆக்கள் வேணும் ராத்தா," என்றான். "நாங்க செய்றத நாங்களே ஒருத்தருக்கொருத்தர் காட்டி நல்லாயிருக்குன்னு சொல்லிக்கொள்றோம். அதால ஒரு பிரயோசனமும் இல்ல."

கடைசியாக ஜெயந்தினியைக் கேட்டேன். குழுவில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வருகிறவள் அவள் ஒருத்திதான்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்கக்கா. எங்க ஆளுங்களப் பத்தி எதாச்சும் முடிவு பண்ணுறதா இருந்தா முன்னாடியே எங்ககிட்ட கேளுங்க. அது போதும்."

மேசையைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள். அவளுடைய பெயருக்கு நேரே நான் 'தன்னம்பிக்கைப் பயிற்சி' என்று எழுதினேன்.

ஜெயந்தினியின் தோட்டம் ஸ்பிரிங்வெளியையும் தாண்டி மேலே இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முந்தின நவம்பர் மழையில் அதன் மேற்பிரிவில் மலை இறங்கி, லயத்தின் ஐந்து காம்பராக்களை, குடும்பத்துக்கு ஒன்றான ஒற்றை அறைகளை, மூடியது. ஏழு பேர் செத்தார்கள். மூன்று பேரின் உடலை எடுக்கவே முடியவில்லை. மீதி லயங்களில் சனம் அப்படியே இருந்தது. அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. மிப்ரான் மண்சரிவை எச்சரிக்கிற செயலி ஒன்றை வடிவமைத்திருந்தான். நிஜ ஆட்கள் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும் என்று நின்றான்.

போனோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் பன்னிரண்டு பேரைக் கூட்டி, அவர்களுடைய போன்களில் செயலியை ஏற்றிக்கொடுத்தோம். ஏதாவதொரு நாள் சோதனைக்காகப் போனில் அபாயச் சங்கு ஒலிக்கும் என்பது ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. கையெழுத்து மட்டும் வைத்தார்கள்.

"நாளும் நேரமும் சொல்லிட்டு அடிங்கக்கா," என்று ஜெயந்தினி என்னிடம் கேட்டாள்.

"சொல்லிட்டு அடிச்சா எல்லாரும் குடையப் புடிச்சிக்கொண்டு ஆறுதலா எறங்கி வருவாங்க," என்றான் மிப்ரான். "அது சோதனை இல்ல. நாடகம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மிப்ரான் சொல்வதுதான் சரி என்றேன். எந்த நாள் என்று ஜெயந்தினிக்கும் சொல்லவில்லை.

பெப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. என் அண்ணன் ஹஸீப் நானா வேனை ஓட்டினார். லயங்கள் தெரிகிற மாதிரி, கோயிலுக்குக் கீழே இருக்கிற வளைவில் நிறுத்தினோம். மிப்ரான் மடியில் கணினியை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அழுத்தட்டா ராத்தா?"

மணி மூன்று. "அழுத்து," என்றேன்.

முதலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பன்னிரண்டு போன்களின் சத்தம் மழையைத் தாண்டி வரவில்லை. அப்புறம் நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கோயில் பூசாரி. அவர் கோயிலுக்குள் ஓடி ஒலிபெருக்கியைப் போட்டு, போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டார். சங்கு மலை முழுக்க அலறியது.

கதவுகள் திறந்தன. சனம் படிகளில் கொட்டியது. சாரத்தோடு ஆண்கள், கைக்குழந்தைகளோடு பெண்கள், ஒரு கால் செருப்போடு பிள்ளைகள். படிகளெல்லாம் பாசி பிடித்த கல். ஒருவர் சறுக்கினால் பின்னால் வருகிறவர் அவர் முதுகில் ஏறி இறங்கினார். கறுப்புச் சட்டை போட்ட ஒரு சிறுமி காலடியில் விழுந்து மறைந்ததையும், யாரோ அவளைப் பின்னலைப் பிடித்துத் தூக்கியதையும் கண்டேன். மிப்ரான் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தான். "நாலு நிமிஷத்துல முக்கால்வாசிப் பேர் வெளியே," என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும்.

ஒரு பெண் மட்டும் கீழே வரவில்லை. மேலே ஓடினாள்.

அவள் இராக்கம்மா. எடுக்க முடியாமல் போன மூன்று பேரில் ஒருத்தி அவளுடைய கடைசி மகள். செம்மண் மேட்டில் ஏறி, மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணைத் தோண்டத் தொடங்கினாள். புருஷன் பொன்னையாவும் மகன் கஜேந்திரனும் பின்னாலேயே ஓடி அவளை இழுத்தார்கள். அவள் மகனின் கையைக் கடித்தாள். கணவனின் முகத்தைப் பிறாண்டினாள். மூவரும் இழுபறிப்பட்டதில் ஈரமண் வழுக்க, இராக்கம்மா கல்கட்டுக்கு மேலாக உருண்டு கீழேயிருந்த மழைநீர்க் கானுக்குள் விழுந்தாள். அவள் போட்ட சத்தம் சங்கையும் மீறிக் கேட்டது.

மிப்ரான் வேனைவிட்டு இறங்கி ஓடினான். "பயப்படாதீங்க, இது சோதனைதான். மலை எறங்கல்ல. சோதனை," என்று கைகளை ஆட்டிக் கத்தினான். நானும் பின்னால் போனேன். கோயிலில் சங்கு நின்றது. ஐம்பது அறுபது பேர் மழையில் நின்று எங்களைப் பார்த்தார்கள்.

பொன்னையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கன்னத்தில் மனைவியின் நகம் கிழித்த கோடு இருந்தது. கையில் மண்வெட்டிப் பிடி.

"சும்மா அடிச்சதா?" என்று கேட்டார்.

"சோதனைக்குங்க அண்ணே. நீங்களும் கையெழுத்து வச்சீங்க," என்றான் மிப்ரான்.

அந்தப் பதிலுக்குத்தான் அடி விழுந்தது என்று நினைக்கிறேன். பிடி மிப்ரானின் தாடையில் இறங்கியது. ஈரமான மரம் முறிகிற சத்தம் கேட்டது. முறிந்தது மரமல்ல. அவன் விழுந்தான். எழுவதற்குள் நான்கைந்து பேர் அவனை மிதிக்கத் தொடங்கினார்கள். வயிற்றில், முதுகில், கையில். யாரோ என் தலைமுக்காட்டைப் பிடித்து இழுக்க அது கழுத்தில் இறுகியது. தலைமுடியோடு சேர்த்துப் பிடித்து என்னை மண்டியிட வைத்தார்கள். ஒரு பெண் என் கன்னத்தில் அறைந்தாள். திரும்பத் திரும்ப, ஒரே கன்னத்தில். "எம்புள்ள மிதிபட்டுச்சுடி," என்று ஒவ்வோர் அறைக்கும் சொன்னாள். பின்னால் வேன் கண்ணாடிகள் உடைந்தன. நானா கதவைத் திறந்து இறங்கப் போனபோது யாரோ அதை உதைத்துச் சாத்த, அவருடைய இரண்டு விரல்கள் இடையில் நசுங்கின.

கஜேந்திரனின் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கிற வளைந்த கத்தி. அவன் மிப்ரானை நோக்கித்தான் வந்தான். மிதித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அவனைக் கண்டதும் விலகினார்கள். கத்தி உயர்ந்தபோது ஜெயந்தினி குறுக்கே பாய்ந்தாள். அவள் எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. கத்தி அவளுடைய முன்னங்கையில் முழங்கைவரை கிழித்துக்கொண்டு போனது. வெள்ளையாக ஏதோ தெரிந்து, உடனே சிவப்பு மூடியது.

கூட்டம் நின்றது.

"போதும் மாமா," என்றாள் பொன்னையாவிடம். "இவங்களக் கூட்டிக்கிட்டு வந்தது நான்தான்."

பொன்னையா அவளையும் ஓங்கி அறைந்தார். அவள் விழவில்லை. வெட்டுப்பட்ட கையை மறுகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அத்தைக்குத் தொடை ஒடஞ்சிருக்கு. இங்க நிக்கிற வண்டி இது ஒண்ணுதான். அடிக்கணும்னா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து அடிங்க."

அடித்தவர்களும் அடிவாங்கியவர்களும் ஒரே வேனில் பதுளைக்குப் போனோம். கண்ணாடியில்லாத ஜன்னல்களால் மழை உள்ளே அடித்தது. நானா ஒரு கையால் ஓட்டினார். பின் இருக்கையில் இராக்கம்மாவைக் கிடத்தி, அவளுடைய தலையைப் பொன்னையா மடியில் வைத்திருந்தார். எதிரே மிப்ரான், வாயை மூட முடியாமல், சட்டை முழுக்க இரத்தமும் எச்சிலுமாக இருந்தான். ஜெயந்தினியின் கையில் என் முக்காட்டைச் சுற்றி இறுக்கினேன்.

பாதி வழியில் சங்கு மறுபடியும் அலறியது.

பொன்னையாவின் சட்டைப்பையில் இருந்த போன்தான். பதில் வராவிட்டால் அரை மணிக்கொரு தடவை ஒலிக்கும்படி மிப்ரான் அமைத்திருந்தான். நான்தான் அது நல்ல யோசனை என்று பாராட்டியிருந்தேன். இராக்கம்மா கண்ணைத் திறந்து, "மலை, மலை," என்று கத்தி, உடைந்த காலோடு ஜன்னல் பக்கம் பாய்ந்தாள். விளிம்பில் மிச்சமிருந்த கண்ணாடி அவளுடைய உள்ளங்கையில் ஏறியது. நானும் ஜெயந்தினியும் அவள்மேல் விழுந்து அமுக்கினோம். பொன்னையா போனை எடுத்துத் திரையைத் தட்டினார். சத்தம் நிற்கவில்லை.

"எதத் தொடணும்? எதுடா நிப்பாட்டுறது?"

மிப்ரான் கையை நீட்டினான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். மிதிபட்டதில் ஏற்கெனவே உடைந்திருந்த கை அது. அவன் தொண்டையிலிருந்து வந்தது மனிதச் சத்தமே அல்ல.

"பச்ச, மாமா. பச்சையா இருக்குறது," என்றாள் ஜெயந்தினி.

"ஏற்புறுதின்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?"

"அதுதான் மாமா."

"நிப்பாட்டுன்னு போட்டா என்ன?"

அவர் அந்தப் பச்சையைத் தொடவில்லை. போனை இருக்கையின் இரும்புக் கம்பியில் அடித்தார். அது நொறுங்கிச் சத்தம் அடங்கிய பிறகும் அடித்துக்கொண்டேயிருந்தார். துண்டுகள் எங்கள் எல்லோர்மேலும் தெறித்தன.

மிப்ரானின் தாடையைக் கம்பியால் கட்டி ஆறு கிழமை வைத்தார்கள். ஜெயந்தினிக்கு இருபத்தாறு தையல். சுண்டுவிரல் மடங்காது என்றார் டொக்டர். நானாவுக்கு ஒரு விரலின் நுனி போய்விட்டது. இராக்கம்மாவின் தொடைக்குள் ஒரு கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் அவளைப் பார்க்க வார்டுக்குப் போனேன். கையில் கிடைத்த பிளாஸ்டிக் கோப்பையை என் முகத்தில் எறிந்தாள். தேத்தண்ணி சூடாக இருந்தது. தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

மிப்ரானின் வாப்பா வழக்கை விடமாட்டேன் என்றார். கஜேந்திரன் இரண்டு கிழமை விளக்கமறியல் சிறையில் இருந்தான். மறியலிலும் அடி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். என் வாக்குமூலத்தால் அவனுக்குப் பெரிய பிரயோசனம் இருக்கவில்லை. பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

கொழும்புக்காரர்கள் அறிக்கையைக் கேட்டார்கள். எழுதி வைத்திருந்ததை ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். ஜெயந்தினியின் பெயருக்கு நேரே இருந்ததைப் படித்தபோது அன்று கன்னத்தில் வாங்கிய அறைகள் குறைவு என்று தோன்றியது. அறிக்கை தயாராகவில்லை, தயாராகுமா என்றும் தெரியாது என்று பதில் போட்டேன். அவர்கள் வேறு மாவட்டத்துக் குழுவொன்றைத் தெரிவுசெய்தார்கள். எங்கள் பதினாலு பேரில் ஐந்து பேர் விலகிக்கொண்டார்கள். ஜெயந்தினி விலகுவதாகச் சொல்லவில்லை. வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் அவளே என்னை அழைத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம பிள்ளைக்காம்பராவுக்கு வாங்கக்கா. மிப்ரானும் வரணும். நீங்க பேச வேணாம். கேளுங்க."

"அவங்க சம்மதிச்சாங்களா?"

"கொஞ்சப் பேரு. மத்தவங்க வந்து என்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. பயமா இருந்தா வர வேணாம்."

மிப்ரானிடம் சொன்னேன். வாப்பாவுக்குத் தெரியக்கூடாது என்றான்.

மிஞ்சிய ஒன்பது பேரில் ஐந்து பேரும் நானும் போனோம். வேன் வளைவில் திரும்பியபோது எங்கிருந்தோ ஒரு கல் வந்து கூரையில் விழுந்தது. நானா நிறுத்தவில்லை. பிள்ளைக்காம்பராவில் முப்பது பேர்வரை இருந்தார்கள். எங்களைச் சுவரோரம் தரையில் உட்காரவைத்தாள் ஜெயந்தினி. அவள் நடுவில் நின்றாள். தழும்பு தெரியும்படி சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தாள். மேசையை அல்ல, ஆட்களைப் பார்த்துப் பேசினாள். மலை இறங்கப் போகிறதென்றால் உங்களுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று கேட்டாள்.

"சங்கு வேணாம்," என்றாள் என்னை அறைந்த பெண். "ஆள் வந்து கதவத் தட்டணும். பேரச் சொல்லித் தட்டணும்."

"யாரு தட்டுறதுன்னு முன்னாடியே தெரியணும்," என்றார் பூசாரி.

மிப்ரான் சரியாக ஆறாத கையால் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டிருந்தான். பொன்னையா கடைசியில் வந்தார். உள்ளே இடமில்லை. ஆட்களைத் தாண்டி வந்து, மிப்ரானுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மிப்ரானின் எழுத்து நின்றது. என் கை தானாக என் கழுத்துக்குப் போனது.

அவர் அவனுடைய தாடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பக்கம் சற்றுக் கோணலாகிவிட்டது.

"வலிக்குதா?"

"குளிருக்கு வலிக்கும்ங்க."

"வலிக்கட்டும்," என்றார்.

பிறகு அவன் மடியிலிருந்த கொப்பியை விரலால் தட்டினார். மேற்பிரிவில் எந்தெந்தக் காம்பராவில் காது கேட்காதவர்கள் இருக்கிறார்கள், எந்தெந்தக் கதவை உள்ளே தாழிட்டுத் தூங்குவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.