முகவரி இல்லாத குமிழி

பதினோரு வருடமாக அவள் செய்வதெல்லாம் கொழுப்பில் குமிழி ஊதுவதுதான் என்று கணவர் கிண்டல் செய்வார். தப்பில்லை. தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாத குமிழிகள். உள்ளே புற்றுநோய் மருந்து, மேலே ஒரு சிறு புரதம். அந்தப் புரதத்துக்கு ஆய்வகத்தில் 'முகவரி' என்று பெயர். புற்றணுவைக் கண்டால் அது ஒட்டிக்கொள்ளும், மருந்து கட்டிக்குள் இறங்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. எலிகளின் கட்டி பாதியாகச் சுருங்கியது. விருது வந்தது. இன்னும் மூன்று மாதத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் 'அளவுகோல்' வந்து நின்றார். இருபது வருடமாக அங்கே அளந்து, எடைபோட்டு, எழுதிவைக்கும் உதவியாளர் அம்மாளுக்கு ஆய்வகம் வைத்த பெயர் அது.

"மேடம், முகவரி இல்லாத வெறும் குமிழியும் அதே அளவு கட்டிக்குள்ள போயிருக்கு."

"ஊசியை மாத்திப் போட்டிருப்பீங்க அக்கா."

"நானா?"

அளவுகோல் அப்படித் தவறுகிறவர் இல்லை என்பது அவளுக்கே தெரியும். பழைய குறிப்பேடுகளை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். முதல் சோதனையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெறும் குமிழிகளைப் பழைய இயந்திரத்தில் செய்திருந்தார்கள். அவை இரண்டு மடங்கு பெரியவை, ஈரலிலேயே சிக்கிக்கொண்டன. இந்த முறை இரண்டு வகையும் ஒரே இயந்திரத்தில், ஒரே அளவில் வந்தவை. சின்னது போய்ச் சேர்ந்தது, பெரியது சேரவில்லை. முகவரிக்கு அதில் வேலையே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேருந்தில் உட்கார முடியாமல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தாள்.

"இப்பதானே பல்லு தேய்ச்சே? மறுபடியுமா?" என்றார் கணவர்.

"எனக்கே தெரியல. கைக்கு ஏதாவது வேலை வேணும்போல இருக்கு."

மூன்று முறை சோதனையைத் திருப்பிச் செய்தாள். மூன்று முறையும் அதே எண்கள். இயக்குநரின் அறைக்குப் போனவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"மருந்து போய்ச் சேருதுல்ல? எப்படிப் போனா என்னம்மா?" என்றார் அவர்.

"அந்தப் புரதம் ஒத்துக்காம மூணு எலி மூச்சுத் திணறிச் செத்துச்சு சார். பலன் இருக்கேன்னு பொறுத்துக்கிட்டோம். பலனே இல்லாத ஒண்ண எதுக்கு ஒரு நோயாளி உடம்புல ஏத்தணும்?"

"உன் பேரே அந்தப் புரதத்தாலதான் வந்துச்சு. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

முகவரியைப் பற்றி வெளியிட்ட கட்டுரை தவறு என்று அவளே ஆய்விதழுக்கு எழுதினாள். நோயாளிகளிடம் தொடங்கவிருந்த சோதனை நின்றது. விருதைத் திருப்பிக் கொடுத்தாள், குழுத் தலைமை வேறொருவருக்குப் போனது. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடி கடந்தார்கள். வீட்டுக் குளியலறையில் ஒரே ஒரு நாள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். கணவர் கதவுக்கு வெளியே நின்றார், தட்டவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, முகவரி இல்லாமல் மருந்து மட்டும் நிரப்பிய குமிழிகளை ஒன்பது நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் மூச்சுத் திணறவில்லை. நான்கு பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. அறிக்கையை இயக்குநரே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். தலையசைத்துவிட்டுப் போனார்.

"சந்தோஷமா இருக்க மாட்டீங்களா மேடம்?" என்றார் அளவுகோல்.

"இருக்கேன் அக்கா. மத்த அஞ்சு பேருக்கு ஏன் கேக்கல?"

அவள் ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.