கத்தி இல்லாத சமையலறை

வீட்டில் இருந்த ஏழு கத்திகளையும் அம்மா காலையிலேயே ஒரு துண்டில் சுருட்டிப் படுக்கையறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கத்தரிக்கோலும் அதோடு போயிற்று. உருளைக்கிழங்குத் தோல் சீவியைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பெற்ற பிள்ளையை அவ்வளவு மட்டமாக நினைக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனாள். அரை நிமிடத்தில் திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டாள்.

"பீன்ஸ் உன் பொறுப்பு," என்றாள் மகனிடம். "அதுக்குக் கத்தி வேண்டாம். கையாலயே கிள்ளிடலாம்."

"சாப்பிடும்போது ஸ்பூனாவது உண்டா, இல்ல நீயே ஊட்டி விட்டுடுவியா?"

"வாயைக் குறை. இன்னிக்கு ஒரு நாள் மனுஷனா இரு."

அவனை எல்லோரும் 'கதவு' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் நிலையில் வந்து நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. தொழிலும் உடம்புக்கு ஏற்ற தொழில்தான். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குவது. ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ, நெஞ்சோடு அணைத்து நாலாவது மாடிவரை படியேற்றிவிடுவான். வழியில் எலி குறுக்கே ஓடினால் மட்டும் சாமானை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்றுகொள்வான். கூட வேலை செய்கிறவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்?

இரண்டு வருடத்துக்கு முன்னால், தங்கையின் கழுத்தில் ஐந்து விரல் தடத்தைப் பார்த்துவிட்டு நேரே போய் மாப்பிள்ளையின் தாடையை ஒரே குத்தில் உடைத்தான். கோர்ட்டில் தங்கை சாட்சிக் கூண்டில் ஏறி, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். பாத்ரூமுக்கு விரல் எப்போது முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. பதினெட்டு மாதம் சிறை என்று தீர்ப்பு. ஆனால் இரண்டு வருடம் யார்மேலும் கை வைக்காமல் இருந்தால் உள்ளே போக வேண்டாம். வைத்தால் மறுபேச்சு இல்லை, பதினெட்டு மாதமும் கம்பி எண்ண வேண்டியதுதான். அந்த இரண்டு வருடம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கோபத்தை அடக்கச் சொல்லித்தரும் வகுப்புக்கும் கோர்ட்டே அனுப்பியது. கோபம் வந்தால் இரண்டு கைக்கும் வேலை கொடு என்பதுதான் வாத்தியாரம்மா சொன்ன மொத்தப் பாடம். கதவு கம்பளி பின்னக் கற்றுக்கொண்டான். எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் முதல் மஃப்ளர் பதினோரு அடி வந்தது.

வருடக் கடைசி விடுமுறைக்கு மொத்தக் குடும்பமும் இந்த வீட்டில்தான் கூடும். இந்த வருடம் மாப்பிள்ளையும் வரட்டும், இருந்த பகை இன்றோடு ஒழியட்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. அதற்காகத்தான் கத்திகள் பீரோவுக்குப் போயின. அதற்காகத்தான் சித்தப்பாவும் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைக்கப்பட்டார். கதவு விரலை மடக்கினால் கத்த வேண்டும் என்பது உத்தரவு. சித்தப்பா மொத்தம் நாற்பத்தெட்டு கிலோ. கதவு நன்றாக ஒரு தும்மல் போட்டால் ஹாலில் போய் விழுந்திருப்பார்.

மாப்பிள்ளையைக் கவனிக்க யாரையும் போடவில்லை. அவருக்கு சோபாவும் தலையணையும் போட்டார்கள்.

மூன்று கிலோ பீன்ஸ். கதவு ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைக் கிள்ளி, நாரை இழுத்து, வாலைக் கிள்ளினான். பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பீன்ஸை அதில் நாலு நிமிடம் விட்டு, அள்ளி, ஐஸ் தண்ணீர் நிரம்பிய பேசினில் கொட்டினால் பச்சை நிறம் அப்படியே நிற்கும். அப்புறம் இரும்பு வாணலியில் வெண்ணெய் உருக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, கையால் பிய்த்த காளான், மிளகு போட்டுப் புரட்ட வேண்டும். வாணலியை வெண்ணெயோடு அடுப்பில் ஏற்றினான். பூண்டு நசுக்கக் கத்தி இல்லை என்பதால் உள்ளங்கையால் மேசைமேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினான்.

"ஏய்!" என்று துள்ளினார் சித்தப்பா.

"பூண்டு, சித்தப்பா."

"பூண்டா? சரி சரி. மெதுவா தட்டு. எனக்கு பிரஷர் இருக்கு."

ஹாலில் டிவியில் ஃபுட்பால் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கோல் விழுந்து சத்தம் எழும்ப, சித்தப்பா கழுத்தை நீட்டினார். பிறகு உடம்பையும் நீட்டினார். பிறகு ஸ்டூல் மட்டும் வாசலில் இருந்தது.

மாப்பிள்ளை கையில் கிளாஸோடு உள்ளே வந்து, சமையலறைக் கதவைக் காலால் சாத்தினார்.

"என்ன மச்சான், சமையலா? புடவை ஒண்ணுதான் குறை."

"என் சைஸுக்கு ரெண்டு புடவையைச் சேர்த்துத் தைக்கணும், மாப்பிள்ளை." கதவு வெந்த பீன்ஸை அள்ளி ஐஸ் தண்ணீரில் கொட்டி, இரண்டு கைகளையும் முழங்கைவரை உள்ளே விட்டுக் கிளறினான். எலும்புவரை குத்துகிற குளிர்.

மாப்பிள்ளை ஒரு பீன்ஸை எடுத்துக் கடித்தார். உடைந்து ஒட்டிய தாடை ஒவ்வொரு மெல்லலுக்கும் டக்கென்றது.

"கேக்குதா? நீங்க குடுத்த சீதனம்." மிச்சத்தைக் கதவின் முகத்தில் துப்பினார். "ரெண்டு வருஷமா ஒவ்வொரு வாய் சோத்துக்கும் உங்க ஞாபகம்தான்."

கதவு கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"ஒன்பது நாள்தானே பாக்கி? ஒரே ஒரு அடி அடிங்க மச்சான். ஆசையா கேக்கறேன்."

"அடுப்புல வேலை இருக்கு. நீங்க போய் மேட்ச் பாருங்க."

"நீங்க உள்ள போயிட்டா, ஒன்றரை வருஷம் உங்க தங்கச்சி யார் வீட்டுக்கு ஓடுவா? அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

சொல்லிவிட்டுப் பின்மண்டையில் ஓர் அறை விட்டார். கதவு பீன்ஸை எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்த அறை காதில் விழுந்தது. உள்ளே கொய்யென்று ஒரு சத்தம் கிளம்பி நின்றுகொண்டது. பதினேழு, பதினெட்டு. மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கனத்த அலுமினிய மூடியை எடுத்து, அதன் விளிம்பால் கதவின் மூக்கில் ஓங்கி அடித்தார். எலும்பு நொறுங்கிய சத்தம் கதவுக்கே கேட்டது. ரத்தம் கொட்டிப் பச்சை பீன்ஸ்களுக்கு நடுவே சிவப்பாகச் சுருண்டு இறங்கியது.

"இதை இன்னொரு தடவை கழுவணும் போலிருக்கே," என்றான் கதவு.

மூடி இன்னொரு முறை புருவத்தில் இறங்கியது. இன்னொரு முறை கழுத்தில். ஒரு கண்ணில் ரத்தம் வழிந்து பார்வை மறைந்தது. தண்ணீருக்குள் விரல்கள் மரத்துவிட்டன. முஷ்டியாக மடக்க நினைத்தாலும் சட்டென்று மடங்காது. அதற்காக மனதுக்குள் ஐஸுக்கு நன்றி சொன்னான்.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள். தட்டு எடுக்க வந்தவள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கணவன் கையில் இருந்த மூடியைப் பார்த்தாள்.

"என்ன பண்றீங்க? விடுங்க அண்ணனை!"

"நீ வெளிய போ."

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

மாப்பிள்ளை திரும்பி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, ஃபிரிட்ஜ் கதவின் மேல் முகத்தை மோதினார். ஒரு முறை. இரண்டாம் முறை. அதை அவர் செய்த விதத்தில் அவசரமே இல்லை. கை பழகியிருந்தது. தங்கை அலறக்கூட இல்லை; கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். அவளுக்கும் பழகியிருந்தது.

கதவின் கைகள் தண்ணீரிலிருந்து வெளியே வந்தன.

அந்தக் கணத்தில் அவனுக்கு அடிக்கத் தெரியும், எங்கே அடித்தால் என்ன உடையும் என்றும் தெரியும். பதினெட்டு மாதமும் தெரியும். அந்த மாதங்களில் அவள் தட்டுவதற்கு ஒரு வாசலும் இருக்காது என்பதும் தெரியும். இரண்டே எட்டில் பின்னால் போய், முழங்காலை மடக்கி, மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்து, விரலோடு விரல் கோத்துத் தூக்கினான். எண்பது கிலோ இருக்கும். படி இல்லாத இடத்தில் இதெல்லாம் ஒரு கனமா?

"விடுடா! விடுடா நாயே!"

"அடிக்கலை மாப்பிள்ளை. கட்டிப் பிடிச்சிருக்கேன். பகை ஒழியணும்னு அம்மா சொல்லியிருக்கா."

மாப்பிள்ளை பின்தலையால் மோதினார். கதவின் முன்பல் இரண்டு உள்பக்கமாகச் சாய்ந்தன. குதிகாலால் முழங்காலுக்குக் கீழே உதைத்தார், உதைத்தார், உதைத்தார். குனிந்து முன்கையைக் கவ்விச் சதை கிழியும்வரை கடித்தார். கதவு ஒவ்வொன்றுக்கும் அம்மா அம்மா என்று முனகினானே தவிரப் பிடியைத் தளர்த்தவில்லை. துள்ளிய துள்ளலில் இருவரும் அடுப்புப் பக்கம் சாய்ந்தார்கள். மாப்பிள்ளையின் ஒரு கை முழங்கைக்குக் கீழே விடுபட்டு, வெண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்த வாணலியின் பிடியைப் பற்றியது. அதைத் திருப்பிக் கதவின் முன்கையில் அழுத்தினார். சுர்ரென்றது. வந்த வாடையைப் பற்றி நினைக்காமலிருக்கக் கதவு கண்ணை மூடிக்கொண்டான். காலில் எங்கேயோ மூத்திரம் இறங்கியது போலிருந்தது. யாருடையது என்று பார்க்கத் தெம்பில்லை.

அப்போதுதான் குடும்பம் வந்து சேர்ந்தது.

"அய்யோ, மாப்பிள்ளையைக் கொல்றானே!" என்று அம்மா கத்தினாள். கையில் கிடைத்த கரண்டியால் மகனின் முதுகில் மாறிமாறி அடித்தாள். "விடுடா பாவி! விடுடா அவரை!"

சித்தப்பா போலீசுக்கு போன் பண்ணிவிட்டு, துடைப்பத்தோடு ஓடி வந்து கதவின் காலில் விளாசினார். கொஞ்ச நேரம் மாப்பிள்ளையோடு சேர்த்து மூன்று பேருமாகக் கதவை அடித்தார்கள்.

"சித்தப்பா, அந்தக் கால் வேண்டாம்... அதுல ஏற்கனவே அடி," என்றான் கதவு. வாயிலிருந்து ரத்தமும் வார்த்தையும் கலந்து வந்தன. சித்தப்பா சொன்னதைக் கேட்கிற பழக்கதோஷத்தில் மற்ற காலுக்கு மாறினார்.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உதடு கிழிந்து தொங்கியது. அடுப்பை அணைத்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக் கரண்டியைப் பிடுங்கித் தொட்டியில் போட்டாள்.

"நீ ஏன் பிடுங்கறே? உன் புருஷனைப் பாரு!"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்மா. அஞ்சு வருஷமா."

ஒரு போலீஸ்காரம்மாவும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தபோது கதவு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். பெரிய உருவம் ஒன்று, திமிறுகிற சின்ன உருவம் ஒன்று. யார் குற்றவாளி என்று தீர்மானிக்க அவர்களுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஒருவர் கதவின் தோளில் லத்தியை வைத்தார்.

"இவன்மேல பழைய கேஸ் இருக்கு சார்!" என்றார் மாப்பிள்ளை. குரல் திடீரென்று அழுகைக்கு மாறியிருந்தது. "என் தாடையை உடைச்சவன். இப்ப வந்து மறுபடியும்... என் பொண்டாட்டியையே கேளுங்க. சொல்லுடி, யாரு ஆரம்பிச்சா? சொல்லு!"

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். கதவு மட்டும் பார்க்கவில்லை. போன முறை அவள் ஏறி நின்றபோது பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க அவனால் முடியாது.

"வீட்டு விஷயம்," என்றாள் அம்மா மெதுவாக. "பார்த்துப் பேசும்மா. நீ வாழ வேண்டியவ."

"அதுக்குத்தாம்மா பேசறேன்." தங்கை போலீஸ்காரம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணன் யாரையும் அடிக்கலை. அவர் மூக்கை உடைச்சது இவரு. என் வாயைக் கிழிச்சது இவரு. போன தடவை நான் கோர்ட்ல பொய் சொன்னேன். அதுக்கு என்ன தண்டனையோ எழுதிக்கோங்க. முதல்ல இவரைப் பிடிங்க. நீங்க பிடிச்சாத்தான் அண்ணன் விடுவாரு."

மாப்பிள்ளை ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி அவள்மேல் பாய்ந்தார். கதவின் பிடியில் இருந்ததால் இரண்டு அங்குலம்தான் பாய முடிந்தது. போலீஸ்காரம்மாவுக்கு அந்த இரண்டு அங்குலம் போதுமாக இருந்தது. விலங்கு பூட்டினாள். அப்புறமும் கதவின் விரல்கள் பிரியவில்லை; மரத்து, கோத்தபடியே இறுகியிருந்தன. இரண்டு போலீஸ்காரர்கள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.

மாப்பிள்ளையைக் கொண்டுபோன பிறகு சித்தப்பா துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு யாரும் சரியாச் சொல்லலைப்பா," என்றார். அம்மா தொட்டியில் கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை; முன்பே தெரியும்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து போலீஸ்காரம்மா நோட்டைத் திறந்தாள்.

"எப்போ ஆரம்பிச்சுது?"

"கல்யாணம் ஆன ஆறாம் நாள்."

மூக்கில் துணியை அழுத்திக்கொண்டிருந்த கதவு நிமிர்ந்தான். அந்த ஐந்து விரல் தடம்தான் தொடக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அதற்கு முன்னால் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் தங்கை வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறான், மாப்பிள்ளையோடு எத்தனை தடவை சீட்டாடியிருக்கிறான். அங்கிருந்த பீரோவையும் கட்டிலையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததே இவன்தான். கண்ணில் நீர் முட்ட, யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விடலாம் என்று எழுந்தான். யாருக்கும் தெரியாமல் எழுந்திருக்கிற உடம்பா அது? நாற்காலி பெரிதாகக் கிறீச்சிட்டது.

தங்கை திரும்பிப் பார்க்காமலே அவன் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"எங்க போறே? உக்காரு அண்ணா. இன்னும் நிறைய இருக்கு."

உட்கார்ந்தான். அவள் சட்டையை விடவில்லை. போலீஸ்காரம்மா பக்கத்தைத் திருப்பினாள்.