மூன்றடி உயரம்

எங்கள் தேவாலயத்துப் பங்கு மண்டபத்துக்கு ஐந்து படிகள். மூன்றடி உயரம். இத்தனை வருடம் ஏறி இறங்கியும் அந்த உயரத்தை நான் யோசித்துப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை நான். கடலுக்குப் போய்த் திரும்பாத எங்கள் ஊர்க்காரர்கள் பதினேழு பேரின் முகங்களை, இரண்டு வருடம் உட்கார்ந்து கரிக்கோலால் வரைந்து முடித்தேன். கடைசியாக வரைந்தது என் வீட்டுக்காரர் மரியஜானை. மண்டபத்தில் கண்காட்சி வைக்கத் தேதி குறித்துவிட்டு, அவருடைய தம்பி பிரபினிடம் சொல்லப் போனேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வள்ளம் கவிழ்ந்தபோது அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதில்தான் இருந்தார்கள். பிரபின் மட்டும் வந்தான். முதுகெலும்பு ஒடிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் வந்தான். கவிழ்ந்த வள்ளத்தின் மேல் கிடந்த தம்பி, தண்ணீரில் கிடந்த அண்ணனின் கையைப் பிடித்திருந்தானாம். தன் பாரத்தில் தம்பியும் சரிந்து விழுந்துவிடக் கூடாது என்று அண்ணன் தானாகவே கையை விட்டுவிட்டான் என்றது ஊர். பங்குச் சாமியார் பிரசங்கத்திலும் அதைச் சொன்னார். அந்தப் பேச்சைச் சொல்லித்தான் என் மகளை நான் வளர்த்தேன்.

பிரபினுக்குப் படத்தைப் பார்க்க வேண்டும். அண்ணன் முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும். அப்படித்தான் கேட்டான். அதற்கென்ன, சக்கர நாற்காலியோடு தூக்கி வைக்க நாலு பேரை அனுப்புகிறேன் என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

“என்னைய நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு நாள் உண்டும் மைனி. அது வரைக்கும் வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் படியேறிக் கோயிலுக்குள் வராமல், வெளியே மைதானத்தில் ஒலிபெருக்கியில் பூசை கேட்பது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

வள்ளக்காரர் கிளீட்டஸிடம், நாற்காலி ஏற ஒரு சாய்வு கட்டித் தாருங்கள் என்றேன். அரை நாளில் சிமெண்டு போட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆண்களுக்குச் சாய்வு என்றால் ஒன்றுதான் தெரியும்: நாலு தோள் சேர்ந்து முட்டுக் கொடுத்தால் வள்ளம் கரையேறும் சாய்வு. அதையே அச்சு அசலாகக் கட்டி வைத்திருந்தார்கள். பிரபின் பாதிகூட ஏறவில்லை. நாற்காலி பின்னால் உருண்டது. பிடிக்க ஓடி வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினான். வேர்த்து ஒழுக, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

நான் கிளீட்டஸை வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முன்பக்கம் சிலுவை நட்ட குருசடி இருக்கிறது, முப்பத்தாறு அடிக்கு இடம் கிடையாது. கட்டியதை உடைத்து, மண்டபத்துச் சுவரை ஒட்டி நீட்டி, மூலையில் ஒரு திருப்பம் கொடுத்துக் கட்டச் சொன்னேன். கண்காட்சி பத்து நாள் தள்ளிப் போனது. ஒருத்தனுக்காகவா இவ்வளவும் என்று சிலர் முனகினார்கள். ஆமாம், ஒருத்தனுக்காகத்தான் என்றேன்.

திறப்பு நாளன்று காலையில், கூட்டம் வருவதற்கு முன்பே பிரபின் வந்தான். இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளி, திருப்பத்தில் ஒரு முறை மூச்சு வாங்கி, தானாகவே மேலே வந்து சேர்ந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் கிளீட்டஸை ஏசிய நான் செய்திருந்த வேலையைப் பாருங்கள்: பதினேழு படங்களையும் நிற்கிறவர்கள் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தேன். பிரபின் அண்ணாந்து பார்த்தான். படத்துக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம்தான் அடித்தது. மரியஜானின் படத்தைக் கழற்றி, ஒரு நாற்காலியில் சாய்த்து, அவன் கண்ணுக்கு நேராக வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே போகத் திரும்பினேன்.

“போவாதீங்க மைனி. இத நீங்களும் கேக்கணும்.”

நின்றேன். அவன் படத்தைப் பார்த்தே சொன்னான்.

“அண்ணன் கைய விடல்ல. நான்தான் விட்டேன். முதுகு ஒடிஞ்ச வலி. அந்தப் பாரம் போனா வலி நிக்கும்னு தோணிச்சி. அண்ணன் என்னையப் பாத்துக்கிட்டேதான் போச்சி.”

காப்பாற்ற வந்த வள்ளத்தில் இருந்தவர்களே, உனக்காக அண்ணன் கையை விட்டுவிட்டானா என்று கேட்டார்களாம். இவன் தலையை ஆட்டினானாம். கரை வந்து சேர்வதற்குள் அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது என்றான்.

அந்த நிமிஷம் அவனை நான் வெறுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அந்த நாற்காலியை அப்படியே வெளியே தள்ளிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மகளிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். ஆறு வருடமாக ஊர் அண்ணனைப் புகழ்ந்த ஒவ்வொரு முறையும் இவன் அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான் என்பதையும் நினைத்தேன். மன்னித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்.

அவன் காத்திருந்து பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினான். வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. கிளீட்டஸ் பிடிக்க ஓடி வந்தார். தொட வேண்டாம் என்றேன். பிரபின் இரண்டு உள்ளங்கையாலும் சக்கரத்தை அழுத்திப் பிடித்து, மெதுவாகத் தானே இறங்கினான். திருப்பத்தைத் தாண்டும்போது, அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கூப்பிட்டேன்.

“நாளைக்கும் வா மக்கா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல்ல.”