ஓர் அங்குலம் குறைவு

எங்கள் நாட்டில் குடியரசுத் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு நூல் உயரம் குறைவார். நூல் என்பது தச்சர்களின் அளவு. எட்டு நூல் ஓர் அங்குலம். உயரம் கீழிருந்துதான் செலவாகும். உச்சந்தலை கடைசியில். வலி இருக்காது என்று அரசிதழில் போட்டிருக்கிறார்கள்.

இதுவரை நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாற்றிச் சொன்னால் அவை வரலாறு போலத் தெரியும்.

முதல் அநியாயம். முதல் தலைவர் ஆறடி மூன்று அங்குலம். வந்த காகிதத்தையெல்லாம் படிக்காமல் கையெழுத்திட்டார். காட்டை ஏலம் விட்ட சட்டம், ஆலைகளை மூடிய சட்டம், ஊர்வலத்துக்கு முப்பது நாள் முன்னால் அனுமதி கேட்கச் சொன்ன சட்டம். பதவியை விட்டு இறங்கும்போது முழங்கால் உயரம் இருந்தார். துறைமுகத்துக்கு முன்னால் நிற்கும் அவருடைய சிலை ஆறடி மூன்று அங்குலம்.

இரண்டாவது அநியாயம். அவரைப் பார்த்துப் பயந்த இரண்டாம் தலைவர் ஐந்து வருடமும் பேனா மூடியைத் திறக்கவில்லை. ஐந்தடி ஒன்பதாக வந்தார், ஐந்தடி ஒன்பதாகப் போனார். கறைபடாதவர் என்று அவரைப் பாடப் புத்தகத்தில் சேர்த்தார்கள்.

மூன்றாவது அநியாயம். தேங்கிய காகிதங்களுக்காக ஒரு விதி செய்தார்கள். காகிதக் கட்டின் மேலே இருப்பதை முடிக்காமல் கீழே இருப்பதைத் தொடக் கூடாது. ஒன்றைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் திருப்பி அனுப்பவும் கையெழுத்து வேண்டும். அது மறுபடி வந்தால் போட்டே ஆக வேண்டும். அதாவது மறுப்பவர் இரண்டு நூல் குறைவார்.

நான்காவது அநியாயம். நாங்களே ஒருவரை அனுப்பினோம். தோழர் திருமேனி, உப்பளத் தொழிலாளி, ஐந்தடி நான்கு அங்குலம். கட்டின் அடியில் எங்கள் ஆட்கள் எட்டுப் பேரின் கருணை மனுக்கள் கிடந்தன. காகிதங்களை எண்ணினோம், அவரை அளந்தோம், இரண்டும் சரியாக வந்தது. கடைசிக் காகிதத்தோடு தானும் முடிந்துபோவோம் என்று தெரிந்தே அவர் போனார். கருணை மனுக்கள் எட்டும் பாக்கியிருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாளிகையிலிருந்து இரண்டு வரி அறிக்கை வந்தது. 'மாண்புமிகு குடியரசுத் தலைவர் தீர்ந்துவிட்டார். அலுவலக நேரத்தில் மாற்றமில்லை.'

இது மாளிகையின் சதி என்று நான் நான்கு துண்டுப் பிரசுரங்கள் எழுதினேன்.

ஐந்தாவது அநியாயம் ஒன்று இருக்கிறது. அது என்னுடையது. அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

ஒரு தலைவர் தீர்ந்துபோய் நின்ற காகிதங்கள் ஆகாதவை என்று மாளிகையில் கருதுகிறார்கள். அதனால் அந்த எட்டும் எப்போதும் கட்டின் அடியிலேயே இருக்கும். மூன்று தலைவர்களைத் தாண்டிய கருணை மனு, கையெழுத்து இல்லாமலே தள்ளுபடியாகிவிடும். திருமேனி ஒருவர். இப்போது இருப்பவர் இரண்டாமவர். அவரும் பேனாவைத் திறக்காத ரகம். அடுத்து வருபவர் மூன்றாமவர். அவரும் போடாமல் போனால் எட்டுப் பேரையும் தூக்கில் போடுவார்கள். எட்டாவது பெயர் இருதயராஜ். உப்பளக் கூலி ஊர்வலத்தில் நானும் அவனும் ஒரே பதாகையைப் பிடித்துப் போனோம். இடது கம்பு என் கையில், வலது கம்பு அவன் கையில். அன்று போலீஸ் வலது பக்கத்திலிருந்து வந்தது.

அங்கயற்கண்ணி நின்றால் ஜெயிப்பார். இதில் எதிர்க்கட்சிக்கும் சந்தேகம் இல்லை. தறிக்காரர்களுக்கு எட்டு மணி நேர வேலை வாங்கிக் கொடுத்தவர். பாதி நாட்டுக்கு அவரை நேரில் தெரியும். மீதிப் பாதி, தெரியும் என்று பொய் சொல்லும். நிற்கலாமா கூடாதா என்றுதான் மூன்று மாதமாகக் கட்சியில் பேச்சு. காரணம், அவர் குள்ளம்.

வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு, சைக்கிள் கடை மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் கூடினோம். வேட்பாளரின் உயரத்தை அவருடைய கட்சிக்காரரே அளந்து, இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும் என்பது சட்டம். படிவத்தின் பெயர் ஒன்பதாம் எண் படிவம். அளப்பவன் நான். நாற்பத்தொரு வருடமாக நான்தான். என்னைக் கட்சியில் கோல்காரர் என்று கூப்பிடுவார்கள். சாட்சிகள் இருவர்: கீழே கடை வைத்திருக்கும் தையற்காரர் மாசிலாமணி, அரசு மருத்துவமனைச் செவிலியர் ஆக்னஸ். கட்சிச் செயலாளர் காதர் மொய்தீன் அரசிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

"இன்னைக்குக் காலையில கட்டை மூடி சீல் வச்சுட்டாங்க" என்றார் காதர். "மொத்தம் நானூத்தி அம்பத்தாறு காகிதம். கருணை மனு எட்டும் அடியில. மேல நானூத்தி நாப்பத்தெட்டு. முதல் காகிதம் என்னன்னு தெரியுமாக்கா? உப்பளத்தை மூடுற சட்டம்."

"தெரியும் பாய்" என்றார் அங்கயற்கண்ணி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கால் தரையில் எட்டாது.

"அந்தச் சட்டத்துக்கு எதிரா நீங்க அளத்து வாசல்ல ஒன்பது நாள் படுத்துக் கிடந்தீங்க. இப்ப உங்க கையாலயே போடணும். திருப்பி அனுப்புனா ரெண்டு நூல் போயிரும். அடியில இருக்கிற எட்டு நல்ல காகிதத்துக்காக மேல இருக்கிற அத்தனை கெட்ட காகிதத்துலயும் உங்க பேரு. இதுக்கா நிக்கணும்? நீங்க தெருவுல இருங்க. உங்களுக்குத் தெருதான் சரி."

"நான் நிக்கலைன்னா அந்தச் சட்டம் வராம இருக்குமா?"

"வரும். ஆனா உங்க பேரு இருக்காது."

"என் பேரைக் காப்பாத்துறதுக்கு எட்டுப் பேரைத் தொங்க விடலாம்ங்கிறீங்க."

காதர் அரசிதழை மடித்தார். "அப்படிச் சொல்லலைக்கா."

"சொல்லலை. மடிச்சு வச்சிருக்கீங்க."

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "அக்காவுக்கு ரவிக்கைத் துணி எடுத்தா எனக்கு ரெண்டு கைக்குட்டை மிஞ்சும். போகப் போக இன்னும் மிஞ்சும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"போன வருஷம் அளந்தப்ப நாலடி பத்து" என்றார் அங்கயற்கண்ணி. "நானூத்தி அறுபத்து நாலு நூல். எல்லாம் போக எட்டு நூல் மிஞ்சும். ஒரு அங்குலமா வீட்டுக்கு வந்துருவேன்."

"ஒரு அங்குலம் வந்தாப் போதும். நான் பாத்துக்குவேன்" என்றார் ஆக்னஸ். "ஏழாம் மாசத்துல பிறந்ததையெல்லாம் பாத்து அனுப்பியிருக்கேன்."

"அப்ப அளங்க அண்ணே" என்றார் அங்கயற்கண்ணி.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றார். நான் கோலை எடுத்தேன். அது இரும்புக் கோல். உப்பள நிர்வாக அலுவலகத்திலிருந்து முதல் வேலைநிறுத்தத்தின்போது நாங்கள் எடுத்து வந்தது. அதுவரை அதை வைத்துத்தான் உப்புக் குவியலை அளந்து எங்களை ஏமாற்றினார்கள். அதன் அடிமுனைக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கும். ஊர்வலங்களில் என் தோளில் அதுதான் இருக்கும். அதைப் பார்த்தால் பிள்ளைகள் வழிவிடுவார்கள்.

கோலை நிறுத்தினேன். தலைமேல் பட்டையை வைத்தேன். நாலடி பத்து அங்குலம் என்று காட்டியது.

படிக்க வேண்டியதுதான். மாசிலாமணியும் ஆக்னஸும் எழுந்து நின்றார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று நாற்பது காட்டியது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஆட்டோவில் இருபது நிமிடம். நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஐந்தாவது அநியாயத்தின் இடம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"இந்தக் கோல்ல ஒரு அங்குலம் கிடையாது" என்றேன்.

நான் வரிசையாகச் சொன்னேன். கோலை எடுத்து வந்த அன்றே போலீஸ் தடியை அதனால் தடுத்தேன், அடிமுனை உடைந்தது. கீழே சைக்கிள் கடையில் அரம் வாங்கி முனையைத் தேய்த்துச் சமமாக்கினேன். வண்ணம் பூசினேன். அன்றிலிருந்து அது ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் அங்குலம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நான் அளந்தால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நம்பினேன். திருமேனி எட்டுக் காகிதம் இருக்கும்போது தீர்ந்துபோனதாக அறிக்கை வந்த மத்தியானமே எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் முதல் பிரசுரத்தை எழுதினேன்.

காதர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"நாலு பிரசுரத்தையும் நான்தான் ஒட்டினேன்" என்றார். "பசை காய்ச்சினது என் வீட்டுக்காரி. மூணாவது பிரசுரத்துக்கு என்னை உள்ள வச்சாங்க."

"ஆமாம்."

"உள்ள வச்சப்ப வந்து பாத்தீங்க. ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தீங்க. அப்பவும் சொல்லலை."

"சொல்லலை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஒருவர் டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

அங்கயற்கண்ணி சுவரை விட்டு நகரவில்லை. "அப்ப நான் நாலடி ஒன்பது" என்றார்.

"நாலடி ஒன்பது."

"நானூத்தி அம்பத்தாறு நூல். நானூத்தி அம்பத்தாறு காகிதம்." என் பக்கம் திரும்பினார். "இருதயராஜ் எத்தனாவது?"

"கடைசி."

"அவருக்குப் போடும்போது எனக்கு ஒரு நூல் இருக்கும்."

"இருக்கும்."

"ஒரு நூல்ல பேனா பிடிக்க முடியுமா ஆக்னஸ்?"

"மனசு இருந்தாப் பிடிக்கலாம். ரெண்டு பேர் தாங்கிக்கணும்" என்றார் ஆக்னஸ். "ஆனா வீட்டுக்கு வர முடியாது."

"அக்கா நிக்கவேண்டாம்" என்றார் காதர், ஜன்னலைப் பார்த்தபடியே. "ஒரு திருமேனி போதும்."

மணி இரண்டாகிவிட்டது. நான் படிவத்தை எடுத்துப் படித்தேன். நாற்பத்தொரு வருடத்தில் அதன் நான்காம் பத்தியைத் தாண்டி நான் படித்ததில்லை. உயரம் அதோடு முடிந்துவிடும். ஐந்தாம் பத்தியில் இப்படி இருந்தது: 'குறைவு இருப்பின், ஈடு கொடுப்பவர் பெயர்.' ஆறாம் பத்தி: 'ஈடு மேலேயா, கீழேயா.'

"என் பேரை எழுதுங்க" என்றேன். "என் உயரத்துல ஒரு அங்குலம்."

காதர் திரும்பினார். "அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு அங்குலம் வரும். அது யாரு? அக்காவா, நீங்களா? உங்க அங்குலம்னா அது வந்த அன்னைக்கே கமிட்டியைக் கூட்டி எல்லாரையும் திட்டும்."

"மேலன்னு எழுதினா நான் வருவேன். கீழன்னு எழுதினா அவங்க வருவாங்க" என்றேன்.

"கீழன்னா முதல்ல செலவாகிறது உங்க அங்குலம்" என்றார் காதர். அரசிதழைப் பிரித்தார். முதல் எட்டுக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரப்படாமல், ஒரு கணக்கைத் தீர்ப்பவர் போலப் படித்தார். உப்பளத்தை மூடும் சட்டம். சுவரொட்டி ஒட்டுவோர் தடைச் சட்டம். அளத்துக் குடியிருப்புகளை அகற்றும் சட்டம். துண்டுப் பிரசுரங்களுக்கு முன் அனுமதிச் சட்டம். நான்கு முடிந்ததும் நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதி நான்கையும் படித்தார். எட்டுக்கும் எதிராக நான் எழுதியிருக்கிறேன். எட்டுக்கும் அடி வாங்கியிருக்கிறேன்.

"அண்ணே" என்றார் அங்கயற்கண்ணி. "பதினோரு வருஷம் எழுதினீங்க."

"பன்னிரண்டு."

"அந்த எட்டுலயும் போறது உங்க உயரம்."

"தெரியும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. மணி ரெண்டு பத்துதான் ஆகுது."

திருமேனி அந்த எட்டுக் கருணை மனுக்களுக்கு முன்னால் மேஜைமேல் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்தேன். பிறகு இருதயராஜின் கம்பை யோசித்தேன். அது இன்னும் அலுவலக மூலையில்தான் சாத்தியிருக்கிறது.

"கீழே" என்றேன்.

அங்கயற்கண்ணி நான்காம் பத்தியில் நாலடி ஒன்பது என்று தானே எழுதினார். காதர் வந்து பேனாவை வாங்கி ஐந்தாம் பத்தியில் என் பெயரையும் ஆறாம் பத்தியில் 'கீழே' என்றும் எழுதினார். எழுதியதும் பேனாவை என்னிடம் தராமல் மேஜைமேல் வைத்தார். ஈடு கொடுப்பவர் தன் பெயரைத் தானே படிக்கக் கூடாது என்று அடிக்குறிப்பில் இருந்தது. அதனால் படிவத்தை அங்கயற்கண்ணி எடுத்துக்கொண்டார்.

என் பெயர் எந்தப் பிரசுரத்திலும் வந்ததில்லை. இப்படிக்கு, போராட்டக் குழு என்றுதான் முடிப்பேன். அதைப் பணிவு என்று கட்சியில் சொல்வார்கள்.

சாட்சிகள் இருவரும் கையைக் கட்டி நின்றார்கள். அங்கயற்கண்ணி வேட்பாளர் பெயரைப் படித்தார். உயரத்தைப் படித்தார். 'ஈடு கொடுப்பவர்' என்று தொடங்கியபோதே அவருடைய சேலைக் கரை தரையை விட்டு மேலே போயிற்று. என் வேட்டியின் கரை தரையில் படிந்தது. மாசிலாமணி குனிந்து, மடித்துத் தைக்க வேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு மறுபடி சாட்சியாக நிமிர்ந்து நின்றார். அங்கயற்கண்ணி கீழே காற்றடிப்பவருக்கும் கேட்கிற மாதிரி படித்து முடித்தார்:

"அளத்துத் தெரு, கடற்கரையாண்டி மகன் வேலாயுதப்பெருமாள்."