பல்லக்கு வண்டி

என் மனைவி வெல்டர். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், லேத் பட்டறை வைத்திருப்பவர். இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு: ஆள் மேலே உட்கார்ந்து போகிற அளவுக்குப் பெரிய மாதிரி ரயில்களைச் செய்வது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். எனக்கு அந்தக் கிறுக்கெல்லாம் கிடையாது. அந்த வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய மாதிரி ரயில் சங்கத்தின் பேட்டரி எஞ்சினை ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான்.

சங்கத்தின் பழைய பாதை பூங்கா வாசலில் இருக்கும் கொட்டகையில் தொடங்கி மேட்டின் உச்சி வரை போகிறது. அதன் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஐந்து அங்குலம். இந்த வருஷம் உச்சியில் புதிதாக ஒரு வட்டப்பாதை போட்டோம். அது ஏழே கால் அங்குலம். அதில் ஓடுவதற்கென்று மச்சான் ஒன்பது வருஷமாகச் செதுக்கிய நீராவி எஞ்சின் கொட்டகையில் வந்து நின்றது. என் இடுப்பு உயரம், நானூற்று ஐம்பது கிலோ.

அதை மேலே கொண்டுபோக வழியில்லை. மேட்டில் லாரி ஏறாது. கிரேன் வந்தால் புல்தரை நாசமாகும் என்று பூங்கா அதிகாரி கையை விரித்துவிட்டார். மிச்சமிருந்தது எங்கள் ஐந்து அங்குலப் பாதைதான்.

"அகல வண்டியைக் குறுகின வண்டி மேல ஏத்தி இழுத்துட்டுப் போயிடலாம்," என்றாள் என் மனைவி. "நிஜ ரயில்லயே அப்படிச் செஞ்சிருக்காங்க."

"அது சரி, முயலு முதுகுல எருமையை ஏத்துவ போல," என்றார் மச்சான்.

அவள் வாயால் பதில் சொல்லவில்லை. நான்கு மாதத்தில் வண்டியைச் செய்து கொண்டுவந்து நிறுத்தினாள். தாழ்வான இரும்புச் சட்டம். அடியில் ஐந்து அங்குலத்துக்கு எட்டுச் சக்கரம். சட்டத்தின் மேல் ஏழே கால் அங்குல இடைவெளியில் இரண்டு துண்டுத் தண்டவாளம். பெரிய எஞ்சினைச் சரிவுப் பலகை வழியாக அதன்மேல் உருட்டி ஏற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பெல்ட்டால் இறுக்கிவிட வேண்டியது. பார்த்தவர்கள் அதற்குப் பல்லக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானூற்று ஐம்பது கிலோ மணல் மூட்டையை அடுக்கி ஐந்து தடவை உச்சிக்குப் போய்வந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

மச்சான் பல்லக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நாலு போல்ட் போதும். நீ எட்டு போட்டிருக்க," என்றார். அது பாராட்டா கிண்டலா என்று என் மனைவி என்னை இரண்டு நாள் நச்சரித்தாள்.

திறப்பு விழா பதினொரு மணிக்கு. நாங்கள் எட்டே முக்காலுக்குக் கிளம்பினோம். அதற்கு முன் மூன்று நாள் விடாத மழை. அன்றைக்கு வானம் வெளுத்திருந்தது, தரை மட்டும் ஊறிக் கிடந்தது.

பல்லக்கின் பின்பக்கம் என் மனைவி ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டிருந்தாள், கொத்தனார் சுவரை நேர் பார்க்க வைத்திருப்பாரே அது. குண்டுக்குப் பின்னால் ஒரு தகடு, அதில் ஒரு விரல் இடைவெளியில் கோடுகள். நாலாவது கோடு சிவப்பு, அதைத் தொட்டால் வண்டி கவிழும். வண்டி சாய்ந்தால் நூல் எத்தனை கோடு தாண்டுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற நான் திரும்பிப் பார்க்கவே கூடாது.

"நடக்கிற வேகம். குலுக்கக் கூடாது. என் குரலைத் தவிர வேற யார் குரலும் உங்க காதுல விழக் கூடாது. புரியுதா?"

"கல்யாணத்தன்னைக்கே புரிஞ்சுது," என்றேன். சிரித்தாள். அன்றைக்கு அவள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மச்சான் உள்பக்கமாக, மேட்டை ஒட்டி, எஞ்சினின் கூடவே நடந்து வந்தார்.

நேர்ப்பாதை முழுவதும் "அரை, அரை, ஒண்ணு" என்று குரல் வந்துகொண்டிருந்தது. சின்னப் பாலத்தைத் தாண்டினோம். அதற்கப்புறம் வளைவு. அங்கே தண்டவாளமே கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கும். மணல் மூட்டையோடு போனபோது இரண்டு விரலுக்கு மேல் போனதில்லை.

"ரெண்டு," என்றாள். கொஞ்ச தூரத்தில், "ரெண்டரை." பிறகு குரல் ஒரு நொடி நின்றது.

"அண்ணா, அது என்ன சத்தம்?"

எனக்கும் கேட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வருமே, அந்தச் சத்தம்.



"தொட்டில தண்ணி இருக்கா? அண்ணா!"

"மேல போய்த் தண்ணி ஊத்தி நெருப்புப் போட்டா நேரமாயிடும்னு… எழுபது லிட்டர்தான் பாப்பா."

"நிறுத்தாதீங்க," என்றாள் என்னிடம், நிதானமாக. "இதே வேகம். மூணு. வளைவைத் தாண்டிட்டாப் போதும். போயிட்டே இருங்க."

போய்க்கொண்டுதான் இருந்தேன். இன்னும் பத்தடி இருந்தால் நேர்ப்பாதை. அப்போது மழையில் ஊறியிருந்த, உள்பக்கத் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை ஒன்று சேற்றைக் கக்கிக்கொண்டு அமுங்கியது. மச்சான் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"மாப்ள, நிறுத்துங்க!"

பதினைந்து வருஷமாக அந்தக் குரலுக்கு எழுந்து நின்று பழகியவன் நான். கை தானாக பிரேக்கை இழுத்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் மேட்டுப்பக்கம் சாய்ந்து நின்றது. மச்சான் அதன் தொட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்து, காலை வடிகாலின் கல்விளிம்பில் ஊன்றிக்கொண்டு, முகம் சிவக்க முட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு முழம்கூட இடமில்லை, மேட்டின் கற்சுவர்.

"மூணரை," என்றாள் என் மனைவி. வண்டி நின்ற பிறகும் நூல் நகர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டி. இரண்டையும் அடியில் ஒரு குழாய் இணைக்கிறது. சாய்ந்து நின்றால் மேல்தொட்டித் தண்ணீர் மெல்லமெல்ல கீழ்த்தொட்டிக்கு இறங்கும். இறங்க இறங்க இன்னும் சாயும். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அதற்கு நேரம் கிடைத்திருக்காது. நேரம் கொடுத்தவன் நான்.

"அண்ணா, வெளிய வா."

"விட்டா விழுந்துரும்."

"விழட்டும். வெளிய வா!"

"ஒம்பது வருஷம் பாப்பா." அவருக்கு மூச்சு வாங்கியது. "இப்ப தோளை எடுத்தாலும் என் மேலதான் விழும். எடுக்க முடியல."

அப்போதுதான் நான் பல்லக்கின் வெளிப்பக்கச் சக்கரத்தைப் பார்த்தேன். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு காகிதம் நுழைகிற அளவுதான்.

"ஏங்க, ஏறுங்க. வெளிப்பக்கம் சட்டத்துல கால வச்சு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பின்னால தொங்குங்க. மெதுவா. குதிச்சீங்கன்னா எல்லாம் போச்சு."

ஏறினேன். எண்பத்தி ஆறு கிலோ. கைப்பிடியைப் பிடித்து, முதுகுப்பக்கமாகச் சாய்ந்து தொங்கினேன். காலடியில் இரும்பு முனகியது. வெளிச்சம் மறைந்தது.

"உங்க தொப்பையைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் மறுபக்கம் ஓடினாள்.

அதற்கப்புறம் நடந்தது எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. என் எதிரே பச்சைப் பெயின்ட் அடித்த தொட்டி மட்டும் இருந்தது. காதால்தான் கேட்டேன். அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, சாய்ந்து நிற்கிற எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே, அண்ணனுடைய காலடியில் தவழ்ந்து நுழைந்திருக்கிறாள். கீழ்த்தொட்டியின் அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு அங்கேதான் இருக்கிறது.

"நீ எதுக்குடி உள்ள வர்ற? போ!"

"வாயை மூடிக்கிட்டுத் தள்ளு. எந்தப் பக்கம் திருப்பணும்?"

"இடது. இல்ல, உனக்கு வலது. இறுக்கமா இருக்கும்."

இரும்பில் இரும்பு வழுக்குகிற சத்தம். ஒரு தடவை. இன்னொரு தடவை. அவள் யாரையோ திட்டினாள், அனேகமாக வால்வைச் செய்தவரை. நான் அசைந்தால் வண்டியும் அசையும் என்று தோன்றியதும் மூச்சையே அடக்கிக்கொண்டேன்.

பிறகு தண்ணீர் கல்லில் கொட்டுகிற சத்தம் கேட்டது. வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பத்து நிமிஷம் கொட்டியது. நடுவில் ஒரு முறை மச்சான், "பாப்பா, கை மரத்துப்போச்சு," என்றார். "இன்னும் கொஞ்சம் அண்ணா," என்றாள். அவள் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. தன் முதுகையும் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

பாதையில் எங்களைக் காணோம் என்று உச்சியிலிருந்து இறங்கி வந்த சங்கத்து ஆட்கள் நான்கு பேர் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார்கள். உள்பக்கம் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தார்கள். அண்ணனின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து என் மனைவி அவரை வெளியே இழுத்தாள். நான் இறங்கினேன். எஞ்சின் அசையவில்லை.

மச்சான் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். தலையிலிருந்து கால் வரை ஈரம். பூங்கா அதிகாரியும் வந்து சேர்ந்து, "இதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னு அப்பவே நினைச்சேன், இந்த வண்டி…" என்று ஆரம்பித்தார்.

"வண்டியைச் சொல்லாதீங்க," என்றார் மச்சான். "மணல் வச்சு அஞ்சு தடவை பாத்த வண்டி அது. அவகிட்ட சொல்லாம தண்ணி ஊத்தினது நான். என் தங்கச்சி வண்டி எதையும் தாங்கும்னு நினைச்சு ஊத்தினேன்."

என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு மாதம் காத்திருந்த வார்த்தை இப்படி வந்து சேரும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். உடுப்புக்கு மேல் போட்டிருந்த வேலைச்சட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

தோளின் காறை எலும்பில் விரிசல் என்றார்கள் மருத்துவமனையில். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதற்கு, "ரயில் எஞ்சின் மேல சாஞ்சிருச்சு," என்று மச்சான் உள்ளதைச் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு படிவத்தை என் மனைவியிடம் நீட்டினார்கள். பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட முடியவில்லை. கோட்டில் வைத்த பேனா இரண்டு தடவை வழுக்கிப் போனது. பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நான் பிரேக் போட்டிருக்கக் கூடாது," என்றேன்.

"ஆமா."

"உன் குரல் கேட்டுச்சு. கேட்டும் போட்டேன்."

"தெரியும்."

அவள் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டாள். முழங்கையெல்லாம் சேறு.

"கோவமா?" என்றேன்.

"இருக்கு. நாளைக்குப் படறேன். இப்பப் பசிக்குது, ஏதாவது வாங்கிட்டு வாங்க. அண்ணனுக்கும் சேத்து."

எழுந்து போனேன்.