பத்தொன்பது ஜோடி கையுறை

ஆறு வருஷம் வாலில் வந்தவனுக்கு ஏழாவது வருஷம் தலைமை கிடைத்தால் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். பரந்தாமனுக்கும் நிமிர்ந்தது. ஜனவரி இரண்டாம் ஞாயிறு தவறாமல் ஆம்பூரிலிருந்து ஏலகிரிக்குப் போகும் மோட்டார் சைக்கிள் வரிசையில் இந்தத் தடவை முதல் வண்டி அவனுடையது. பின்னால் வரும் புல்லட்டுகளுக்கு முன்னால் அவனுடைய நூற்றைம்பது சிசி ஒரு கன்றுக்குட்டிதான். ஆனால் முதல் வண்டி முதல் வண்டிதானே.

கடைசி வண்டி என்றால் லேசில்லை. டூல் பையைச் சுமக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது, முன்னால் போகும் அத்தனை வண்டிப் புகையையும் குடிக்க வேண்டும். அடிவாரத்துக்கு வந்ததும் தலைகளை எண்ணி "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அவன் சொல்லும்வரை யாரும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்கள். இதையெல்லாம் ஆறு வருஷம் செய்து அவனுக்கு அலுத்துவிட்டது.

முதல் வண்டி கிடைத்த சந்தோஷத்தில்தான் எல்லோருக்கும் தோல் கையுறை செய்து கொடுத்தான். கையுறைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவன். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. மலைமேல் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொண்டார்கள். மீந்தது அவனுக்கு.

"கைக்கு அளவெடுத்த மாதிரி கீதுபா" என்றார் முக்தார் அகமது. இந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். இன்றைக்கு அவரே வாலில் வருகிறார். பரந்தாமன் முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

இறங்கும்போது இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தான். பிரேக் முழுதாகப் பிடிக்கவில்லை. கையுறையின் விரல் நுனி மடிந்து பிரேக் லீவருக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவில் சிக்கியிருந்தது. விரலை இழுத்து எடுத்துக்கொண்டு பின் பிரேக்கில் சமாளித்தான். நேரான சாலையில் கையைப் பார்த்தபோது விரலைத் தாண்டி அரை அங்குலம் தோல் தொங்கியது. வேர்வையும் இழுப்பும் பட்டு நீண்டிருக்கிறது.

ஏன் என்று அவனுக்கு உடனே தெரிந்தது. கையுறை விரல் அகலத்தில் இழுபடலாம், நீளத்தில் இழுபடக் கூடாது. அவன் தொழிலில் அதுதான் முதல் பாடம். போன வாரம் ஸ்வேதா புதிதாகச் சேர்ந்ததால் பதினெட்டு ஜோடி பத்தொன்பதானது. ஒரு ஜோடிக்கே காணும் கடைசித் தோலில் பேட்டர்ன் அட்டையைக் குறுக்கே திருப்பிப் போட்டு இரண்டு ஜோடி எடுத்துவிட்டான். தோலை மிச்சம் பிடிப்பதில் கட்டிங் மாஸ்டருக்கு ஒரு கர்வம் உண்டு. கெட்டியான தோல், நீளாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவன் சறுக்கவில்லை, தெரிந்தே காலை வைத்தான்.

இரண்டில் ஒன்று தன் கையில் இருக்கிறது. இன்னொன்று பின்னால் வரும் பதினெட்டுப் பேரில் யாரிடமோ.

மூன்று நீண்ட ஹாரன் அடித்தால் வரிசை நின்றுவிடும். ஆனால் நிறுத்தியவன் காரணத்தை எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வாலுக்குப் போக வேண்டும். வளைவுக்கு வளைவு செல்ஃபிக்காக நிறுத்திய ஒரு புண்ணியவானால் வந்த சட்டம் இது. அடிவாரத்துக்கு இன்னும் பன்னிரண்டு வளைவுதானே, மெதுவாகப் போனால் தப்பிவிடலாம் என்று பரந்தாமன் நினைத்தான். அப்படி நினைத்ததற்கு அப்புறம் ரொம்ப வெட்கப்பட்டான். அடுத்த வளைவையும் அந்த நினைப்போடுதான் திரும்பினான். அதற்கடுத்த வளைவுக்கு முன்னால் மூன்று முறை ஹாரனை அழுத்தினான்.

எல்லோரும் ஓரங்கட்டினார்கள். கையுறையை உருவித் தூக்கிக் காட்டினான். "தோல மிச்சம் பண்றேன்னு ரெண்டு ஜோடிய மாத்தி வெட்டிட்டேன். வெரல் நீளுது, பிரேக்ல மாட்டுது. இன்னொண்ணு யார்கிட்ட இருக்குதுன்னு தெரியல. எல்லாரும் கையக் காட்டுங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான்காவது வண்டியில் இருந்த ஸ்வேதா, வேலூரில் லேப்பில் வேலை செய்யும் பெண், கையை நீட்டினாள். விரல் நுனிகள் துவண்டு தொங்கின.

"ரெண்டு தடவ மாட்டிச்சுண்ணா. என் கைதான் சின்னதுன்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க ஆசையா குடுத்தது. எப்படிச் சொல்றது?"

பரந்தாமன் அந்த ஜோடியைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டான். தான் யோசித்துக்கொண்டே கடந்த அந்த ஒரு வளைவை அவளும் இந்த விரல்களோடுதான் கடந்திருக்கிறாள். முக்தார் அகமது டூல் பையைக் கொண்டுவந்து அவன் தோளில் மாட்டினார்.

"சட்டம்னா சட்டம்தான் பரந்தாமா."

"சரி பாய்."

வாலிலிருந்து பார்த்தால் வரிசை முழுதும் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லி இடது கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் வெறுங்கை. அது உயர்ந்து இறங்கும்வரை ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். புகை வந்ததா என்றுகூட அவனுக்கு நினைவில்லை.

அடிவாரத்தில் எல்லோரும் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார்கள். பரந்தாமன் எண்ணினான். நம்பாமல் மறுபடியும் எண்ணினான்.

"பத்தொம்போதும் வந்தாச்சு பாய்" என்றான்.

அதற்கப்புறம்தான் அவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள்.